கிளாப்பம் பஸ்ஸில் போகும் மனிதனும் எமது அச்சமும்

டூட்டிங் புரோட்வே சுரங்கரயில் நிலையத்தின் முன்னால் ஏழாம் எட்வேர்ட் மன்னரின் சிலை நிற்கிறது. அந்தச் சந்தியில் 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் டூட்டிங் பெக், பால்ஹம் ஆகியவற்றைக் கடந்து கிளாப்பம் போய்ச் சேரலாம். முருங்கைக்காயும் கத்தரிக்காயும் நிரம்பிய பைகளை மடியில் வைத்தபடி எம்மவர் பலர் இந்த பஸ்ஸில் போய்வருகின்றனர். வேலைக்கு, வைத்தியசாலைக்கு, கோயிலுக்கு, மகளின் வீட்டுக்கு. தாம் அன்றாடம் கடந்துபோகும் கிளாப்பத்தின் பெயரில் ஆங்கிலத்தில் ஒரு மரபுத்தொடர் உண்டு என்பதும், அந்தத் தொடரின் நிழல் தமது அகதி விண்ணப்பங்களின் மேலும் விழுந்தது என்பதும் இவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்திருக்கவேண்டிய விடயம் என்று கருதுவதால் அதுபற்றி இங்கு எழுத முற்படுகிறோம்.

'கிளாப்பம் ஒம்னிபஸ்ஸில் போகும் மனிதன்' என்பதே அந்தத் தொடர். பெரிய படிப்பாளியும் அல்லாத, முழு மூடனும் அல்லாத, அளவாகப் பயந்து அளவாகத் துணிந்து நடக்கும் ஒரு சாதாரண மனிதன் என்பது அதன் பொருள். பத்திரிகைக்காரர் இதைப் பயன்படுத்துவர். அரசியல்வாதிகள் பயன்படுத்துவர். 'கிளாப்பம் பஸ்ஸில் போகிறவன் இதை ஒப்புக்கொள்வானா?' என்று கேட்டால், 'சாதாரண சனம் இதை ஏற்குமா?' என்று கேட்பதாக அர்த்தம். ஆனால் இத்தொடரின் உண்மையான வீடு நீதிமன்றமே. ஒருவர் கவனயீனமாக நடந்தாரா இல்லையா என்று தீர்மானிக்கவேண்டி வரும்போது, அவருடைய இடத்தில் நியாயமான ஒரு மனிதன் இருந்தால் என்ன செய்திருப்பான் என்று ஆங்கிலச் சட்டம் கேட்கும். அந்த நியாயமான மனிதனுக்குச் சட்டத்தரணிகள் வைத்த செல்லப்பெயர்தான் இது.

இத்தொடரை உருவாக்கியவர் 1894இல் காலமான போவென் பிரபு என்று சொல்லப்படுகிறது. அவர் சொன்னதாக நீதியரசர் கொலின்ஸ் 1903இல் ஒரு தீர்ப்பில் எடுத்தாண்டார். பிளிமத் நகரப் பத்திரிகையொன்று ஒரு நாடகத்தைக் குறைகூறி எழுதிய விமர்சனம் பற்றிய வழக்கு அது. அதற்கும் முன்னரே, 1867இல், வோல்ட்டர் பஜற் என்ற அரசியல் எழுத்தாளர் பொதுசன அபிப்பிராயம் என்பது பஸ்ஸின் பின்னால் உட்கார்ந்திருக்கும் வழுக்கைத் தலையனின் அபிப்பிராயமே என்று எழுதியிருந்தார். அக்காலத்து பஸ் குதிரை இழுத்த வண்டி. நைற்ஸ்பிரிட்ஜிலிருந்து கிளாப்பத்துக்கு ஓடிய வண்டியையே போவென் பிரபு மனதில் கொண்டிருந்தார் என்பர். நகரத்தில் வேலைசெய்து, மாலையில் புறநகரிலுள்ள வீட்டுக்குத் திரும்பும் நடுத்தர வர்க்க ஆங்கிலேயர்கள் அதில் பயணம் செய்தார்கள். பின்னர் புரூக்லண்ட்ஸ் கார்ப்பந்தய விபத்து வழக்கில் நீதியரசர் கிரீர் இம்மனிதனுக்கு மேலும் உருவம் கொடுத்தார். அவன் வீட்டுக்குச் சஞ்சிகைகள் தருவிப்பவன், மாலைவேளையில் சேட்டுக் கையோடு புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளுபவன்.

ஆங்கிலேயர் போன இடமெல்லாம் இவனும் போனான். அவுஸ்திரேலியாவில் பொண்டாய் ட்ராம் வண்டியில் ஏறினான். ஹொங்கொங்கில் ஷௌகிவான் ட்ராமில் ஏறினான். இலங்கையின் உரோமன் டச்சுச் சட்டம் தன் பங்குக்குக் கவனமுள்ள குடும்பத் தலைவன் ஒருவனை வைத்திருந்தது. ஆனால் பருத்தித்துறை பஸ்ஸில் போகும் மனிதன் என்று ஒருவனைச் சட்டம் கண்டதில்லை. எமது கதை இந்த இல்லாமையிலிருந்தே தொடங்குகிறது.

கிளாப்பத்துக்காரர் ஒருவர் எமது சட்டத்தை எப்போதோ எழுதிவிட்டார் என்பதையும் இவ்விடத்தில் சொல்லவேண்டும். இந்தியாவில் ஆங்கிலக் கல்வியைப் புகுத்த 1835இல் குறிப்பு வரைந்த மெக்காலே வளர்ந்தது கிளாப்பத்தில். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவு 1837இல் அவர் தலைமையில் தயாரானது. 1860இல் அது சட்டமாயிற்று. அதன் வழியொற்றி 1883இல் இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை வந்தது. அச்சட்டத்தில் ஒரு நல்ல விடயம் உண்டு. உடலுக்கு ஆபத்து நேரும் என்ற நியாயமான அச்சம் எழும் கணத்திலேயே ஒருவருக்குத் தற்காப்பு உரிமை பிறந்துவிடுகிறது. அடி விழும்வரை அவர் காத்திருக்கத் தேவையில்லை. அச்சத்தை இவ்வளவு மதித்த சட்ட மரபு, ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் எமது அச்சத்தை எவ்வாறு அளந்தது என்பதை இனிப் பார்ப்போம்.

அதற்கு முன் எம்மிடமிருந்த அளவுகோலையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். கிளாப்பம் மனிதனுக்குப் பதிலாக எம்மிடம் 'நாலு பேர்' இருந்தார்கள். நாலு பேர் என்ன சொல்லுவினம், நாலு பேர் மெச்ச வாழவேணும், நாலு பேருக்கு முன்னாலை மானம் போச்சு என்று கேட்டே நாம் வளர்ந்தோம். அந்த நாலு பேருக்கும் பெயரில்லை, விலாசமில்லை. ஆயினும் அவர்கள் எமது வேலிக்கு அப்பால் நின்றவர்கள். எமது பாட்டனாரை அறிந்தவர்கள். கடைசியில் பாடை தூக்க வருபவர்களும் அவர்களே. அவர்கள் எப்போதும் நியாயமாக இருந்தார்கள் என்று நாம் சொல்லவரவில்லை. அந்த நாலு பேருக்குள் ஒடுக்கப்பட்ட சாதியார் ஒருநாளும் எண்ணப்பட்டதில்லை. பெண்களும் எண்ணப்பட்டதில்லை. ஆங்கிலச் சட்டத்தின் நிலையும் பெண்கள் விடயத்தில் வேறாக இருக்கவில்லை. ஏ. பி. ஹேர்பேர்ட் என்ற நகைச்சுவை எழுத்தாளர் 1920களில் கற்பனைத் தீர்ப்பொன்றை எழுதி, ஆங்கிலச் சட்டம் முழுவதும் தேடியும் நியாயமான பெண் ஒருத்தியைக் காணவில்லை என்று கேலி செய்தார். அளவுகோலைச் செய்பவன் தன் கையாலேயே முழம் போடுகிறான் என்பது இரண்டு ஊருக்கும் பொது.

இனி 1980களுக்கு வருவோம். 1983 யூலைக்குப் பின்னர் எம்மவர் இங்கு வந்து சேரத் தொடங்கியதும், 1985 மே மாதத்தில் பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின் மீது விதிக்கப்பட்ட முதலாவது விசாக் கட்டுப்பாடு அதுவே. 1987 பெப்ரவரியில் ஹீத்ரூ விமானநிலையத்தில் திருப்பி அனுப்பப்படவிருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் ஓடுபாதையருகே உடைகளைக் களைந்து உள்ளாடையோடு நின்று போராடினார்கள். அதே ஆண்டில், ஆவணமில்லாதவரை ஏற்றிவரும் விமானக் கம்பனிகளுக்குத் தண்டம் விதிக்கும் சட்டம் வந்தது. ஹாரிச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய பயணிகள் கப்பலைத் தடுப்பு முகாமாக்கி அதில் அகதிகளை அடைத்தார்கள். அவர்களிற் பெரும்பாலோர் தமிழர். 1987 ஒக்டோபர் 15ஆம் திகதி இரவு அடித்த பெரும்புயலில் அக்கப்பல் கட்டறுந்து கரைதட்டியது.

அந்த நாட்களில்தான் ஆறு தமிழர்களின் வழக்கு நீதிமன்றங்களின் படியேறிக்கொண்டிருந்தது. சட்ட நூல்களில் அது 'சிவகுமாரன் வழக்கு' எனப்படுகிறது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனம், துன்புறுத்தப்படுவோம் என்ற 'நன்கு ஆதாரமுள்ள அச்சம்' உடையவரே அகதி என்கிறது. அந்த அச்சத்தை யாருடைய கண்ணால் பார்ப்பது என்பதே வழக்கின் கேள்வி. 1987 ஒக்டோபரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் எமது பக்கம் தீர்த்தது. அஞ்சுபவரின் நிலையில் நிற்கும், நியாயமான துணிவுள்ள ஒருவரின் கண்ணால் பார்க்கவேண்டும் என்றது. நீதியரசர் சேர் ஜோன் டொனல்ட்சன் அதற்கு ஓர் உதாரணம் சொன்னார். முகமூடி அணிந்த ஒருவன் வங்கிக் காசாளரின் முன்னால் துப்பாக்கியை நீட்டுகிறான். ஒரு நிமிடத்தின் பின் அது பிளாஸ்ரிக் துப்பாக்கி என்று தெரியவருகிறது. அதற்காகக் காசாளரின் அச்சம் ஆதாரமற்றதாகிவிடுமா?

கிளாப்பம் பஸ் என்ற சொல் அத்தீர்ப்பில் வரவில்லை. ஆனால் அதன் பயணி வந்திருந்தான். இம்முறை அவனைக் கிளாப்பத்தில் விடாமல், எமது ஒழுங்கைக்குக் கூட்டிவந்து, எமது வாசலில் நிறுத்திப் பார்க்கச் சொன்னது நீதிமன்றம். இந்த வழக்குகள் நடந்தகாலை யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. இந்திய அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் ஒக்டோபர் 10ஆம் திகதி சண்டை மூண்டது. 21ஆம் திகதி, தீபாவளி நாளன்று, யாழ். பொது வைத்தியசாலைக்குள் அமைதிப்படையினர் புகுந்தனர். நோயாளரும் வைத்தியரும் ஊழியருமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

1987 டிசம்பர் 16ஆம் திகதி பிரபுக்கள் சபை அந்தத் தீர்ப்பை மாற்றியது. அச்சம் உண்மையானதாக இருந்தால் மட்டும் போதாது, அஞ்சுபவருக்கு நேரக்கூடிய ஆபத்து புறநிலையில் உள்ளதா என்று உள்துறை அமைச்சர் தாம் அறிந்த தகவல்களைக் கொண்டு பார்க்கவேண்டும் என்றது. எவ்வளவு நியாயமாக எழுந்த அச்சமாயினும் அதைத் தணிப்பது சாசனத்தின் நோக்கமல்ல, மெய்யாகவே ஆபத்திலிருப்பவருக்குப் புகலிடம் கொடுப்பதே நோக்கம் என்று கோஃப் பிரபு விளக்கினார். எமது பழமொழியில் சொல்வதானால், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பிரபுக்கள் தீர்மானித்தார்கள். அத்தீர்ப்பில் எமக்கு உதவிய ஒரு வாசகமும் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆபத்து நேரும் என்று நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் நிரூபிக்கத் தேவையில்லை, 'நியாயமான அளவு சாத்தியம்' இருந்தால் போதும் என்று கீத் பிரபு எழுதினார். அன்றிலிருந்து பல நாட்டு அகதிகள் இந்த வரியைப் பற்றிப்பிடித்தே பிழைத்தார்கள். அது ஆறு தமிழர் தோற்ற வழக்கிலிருந்து வந்தது.

அந்த ஆறு பேரில் ஐவர் 1988 பெப்ரவரியில் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் அங்கிருந்தபடியே இங்கு செய்த மேன்முறையீட்டில், அவர்களது அச்சம் நன்கு ஆதாரமுள்ளதே என்று 1989இல் தீர்ப்பாயிற்று. அதன்பின் அவர்கள் இங்கு மீண்டும் வந்தார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போன அவர்களுடைய வழக்கு 'வில்வராஜா வழக்கு' எனப்படும். 1991 ஒக்டோபர் 30ஆம் திகதி ஸ்ட்ராஸ்பேர்க்கில் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், பிரித்தானியா அவர்களைத் திருப்பி அனுப்பியது சித்திரவதைத் தடையை மீறவில்லை என்று முடிவாயிற்று. திரும்பிப் போன பின்னர் தாம் வதைக்கப்பட்டதாக அவர்களில் மூவர் சொல்லியிருந்தனர். அது எப்படியாயினும், அவர்களுக்கு அவ்வாறு நடக்கும் என்று அமைச்சர் முன்கூட்டி அறியக்கூடிய விசேட அடையாளம் எதுவும் அவர்களிடம் இருக்கவில்லை என்றது நீதிமன்றம். எல்லா இளந்தமிழருக்கும் நேரக்கூடியது இவர்களுக்கும் நேரக்கூடியதாக இருந்தது. அதுவே அவர்களுக்கு எதிரான வாதமாயிற்று. அளவுக்கு மீறிச் சாதாரணமாக இருந்ததால் தோற்ற சாதாரண மனிதர்கள் அவர்கள்.

பெரிய நீதிமன்றங்களில் நடந்தது இதுவென்றால், சிறிய அறைகளில் நடந்தது வேறு. எம்மில் ஒருவருக்கு நிகழ்ந்ததைச் சொல்கிறோம். சுற்றிவளைப்பு நடந்த அன்று அவர் தமது வீட்டைவிட்டு ஓடி அயற்கிராமத்தில் ஒளித்திருந்தார். மறுநாள் விடியற்காலையில் மீண்டும் அந்த வீட்டுக்குப் போய்வந்தார். நேர்முகத்தில் அதிகாரி கேட்டார்: உயிருக்குப் பயந்தவர் ஏன் திரும்பிப் போனீர்? மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "அண்ணை, ஏன் திரும்பிப் போனனீங்கள் எண்டு கேட்கிறார்." இவர் சொன்னார்: "ஆடு கட்டினபடி நிண்டது தம்பி. குழை போடவேணும்." மொழிபெயர்ப்பாளர் அதைச் சரியாகவே பெயர்த்தார். சில மாதங்களின் பின் வந்த நிராகரிப்புக் கடிதத்தில், உண்மையாக அஞ்சிய ஒருவர் ஓர் ஆட்டுக்காகத் திரும்பியிருப்பார் என்பது நம்பத்தக்கதல்ல என்று எழுதப்பட்டிருந்தது.

பருத்தித்துறை பஸ்ஸில் போகும் மனிதனிடம் கேட்டிருந்தால் அவன் ஒரு கணமும் யோசித்திருக்க மாட்டான். வாயில்லாச் சீவன் இரண்டு நாள் பட்டினி கிடக்கும்போது யார்தான் போகமாட்டார்கள்? கயிற்றை அவிழ்த்துவிட்டாவது வரவேண்டும். ஆனால் கடிதத்தை எழுதியவரின் மனதில் இருந்தவன் புல்வெட்டும் இயந்திரம் தள்ளுபவன். அவன் அஞ்சினால் பொலிசுக்குப் போன் செய்வான். எமக்கு அஞ்சவேண்டியவர்களே பொலிசாக இருந்தார்கள்.

இதை ஆங்கில நீதிபதிகளில் சிலர் உணராமலில்லை. பின்னாளில் மிக உயர்ந்த பதவிகளை வகித்த பிங்ஹம் பிரபு 1985இலேயே இதுபற்றி எழுதினார். ஒரு நோர்ஃபோக் விவசாயி எப்படி நடந்துகொள்வார் என்று ஆங்கில நீதிபதி ஊகிக்கலாம், ஆனால் ஒரு நைஜீரிய வணிகரைப் பற்றியோ, பிராட்ஃபோர்டில் கடை வைத்திருக்கும் ஒரு சீக்கியரைப் பற்றியோ அப்படி ஊகிக்கத் தயங்கவேண்டும் என்பது அவரது கருத்து. 2006இல் சியராலியோன் அகதி ஒருவரின் வழக்கில் நீதியரசர் நியூபெர்கர், 'இப்படி நடந்திருக்க முடியாது' என்று தோன்றுவதை வைத்துத் தீர்ப்பது அகதி வழக்குகளில் ஆபத்தானது என்று எச்சரித்தார். இருந்தும் அந்தப் பழைய பயணி எளிதில் இறங்குவதாக இல்லை. முதுகிலும் கையிலும் காய்ச்சிய இரும்பால் சுட்ட தழும்புகளோடு வந்த ஒரு தமிழரின் வழக்கில், அத்தழும்புகளை அவரே இன்னொருவரைக் கொண்டு சுடுவித்துக்கொண்டார் என்று தீர்ப்பாயம் முடிவுசெய்தது. 2019 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அதை ஏகமனதாகத் தள்ளி, வழக்கை மீள விசாரிக்கப் பணித்தது. அவ்வளவு வேதனையையும் அழியாத தழும்பையும் ஒருவர் விரும்பி ஏற்பது மிக அரிது என்பதற்கு உரிய கனம் கொடுக்கவேண்டும் என்றார் வில்சன் பிரபு. எந்தப் பஸ்ஸில் போகும் மனிதனுக்கும் இது தெரியும். எமக்காக அதைச் சொல்ல உச்சநீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது.

2014இல் அதே உச்சநீதிமன்றத்தில் ரீட் பிரபு, அகதிகளோடு தொடர்பில்லாத ஒரு வழக்கில், கிளாப்பம் பஸ் பற்றி வேடிக்கையாகச் சில விடயங்களைச் சொன்னார். அந்த பஸ்ஸில் பலர் இருக்கிறார்கள்: நியாயமான மனிதன், நியாயமான பெற்றோர், நியாயமான வீட்டுச் சொந்தக்காரன், எல்லாம் அறிந்த நடுநிலைப் பார்வையாளன். எல்லோருமே சட்டத்தின் கற்பனை. ஆகவே உண்மையான கிளாப்பம் பஸ்ஸில் போகும் பயணிகளைக் கூட்டிவந்து, நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று சாட்சி கேட்பது தவறு. அந்த மனிதன் என்ன செய்வான் என்று தீர்மானிப்பது நீதிமன்றமே. சட்டத்தைப் பொறுத்தவரை இது சரியான விளக்கம். ஆனால் 155இல் பையோடு உட்கார்ந்திருக்கும் எமக்கு அதன் அர்த்தம் வேறு. சாதாரண மனிதனின் பெயரால் எல்லாம் நடக்கும்; சாதாரண மனிதனை யாரும் கேட்கமாட்டார்கள்.

2022இல் வந்த சட்டம் படியை மேலும் உயர்த்தியது. ஒருவர் உண்மையாகவே அஞ்சுகிறாரா என்பதை முதலில் சாதாரண சிவில் வழக்கைப்போல, இல்லை என்பதைவிட ஆம் என்பதே கூடுதலான சாத்தியம் என்று நிரூபிக்கவேண்டும். அதைத் தாண்டிய பிறகுதான் 'நியாயமான அளவு சாத்தியம்' என்ற பழைய இலகுவான அளவு வரும். ஆட்டுக்குக் குழை போடப் போனவர் இன்று வந்திருந்தால் முதற்படியிலேயே தடக்கி விழுந்திருப்பார்.

எமது முறைப்பாடு இத்துடன் முடிந்தால் எழுதுவது சுலபம். அண்மையில் ஒரு மாலை, டூட்டிங்கிலிருந்து போன பஸ்ஸில் எமக்கு முன்னால் எம்மவர் இருவர் கதைத்துக்கொண்டு போனார்கள். இருவரும் எமது வயதுக்காரர், முப்பது வருடத்துக்கு மேல் இங்கிருப்பவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. சிறு வள்ளங்களில் கால்வாயைக் கடந்து வருபவர்களைப் பற்றிய கதை. "இப்ப வாறவங்கள் எல்லாம் கதை கட்டிக்கொண்டெல்லோ வாறாங்கள். பயந்து வந்தவன் பிரான்சிலை நிண்டிருக்கலாமே?" என்றார் ஒருவர். "நாங்கள் வந்தது வேறை, அண்ணை," என்றார் மற்றவர்.

எம்மவரில் எத்தனை பேர் மொஸ்கோவில் விமானம் மாறி, கிழக்கு பெர்லினில் இறங்கி, மதிலைக் கடந்து, நாலு நாடு தாண்டி வந்தவர்கள்! 'ஏன் முதல் நாட்டில் நிற்கவில்லை' என்ற அதே கேள்வியை எம்மிடமும் கேட்டார்கள். தமையன் இங்கிருந்தான், கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்திருந்தது, ஏஜென்சிக்காரன் விட்ட இடம் இது என்று நாம் சொன்ன பதில்கள் அன்று நம்பப்படவில்லை. இன்று சூடானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வருபவர்கள் சொல்லும் பதில்களும் அவையே. நாமோ அவற்றை நம்ப மறுக்கிறோம். கிளாப்பம் பஸ்ஸில் அந்த வழுக்கைத் தலையனின் ஆசனத்தில் இப்போது உட்கார்ந்திருப்பவர் வேறு யாருமல்ல.

அன்று பஸ்ஸில் நாம் அவர்களுக்கு மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகே அது உறுத்தியது. அதனாலேயே இதை எழுதினோம். அச்சம் என்பது ஊருக்கு ஊர் வேறு வடிவில் வரும். அதை அறிய அந்த ஊரின் ஒழுங்கையில் ஒருநாளாவது நிற்கவேண்டும் என்று 1987இல் ஒரு நீதிமன்றம் சொன்னது. இரண்டு மாதத்தில் அச்சொல் அழிக்கப்பட்டது. சட்டத்தில் அழிந்ததை நாமும் அழித்துவிடவேண்டும் என்றில்லை. இனி யாராவது எமக்கு முன்னால் அப்படிக் கதைத்தால், ஆட்டுக்குக் குழை போடப் போனவரின் கதையை நாம் அவருக்குச் சொல்லவேண்டும்.